ஏ2 பால் வயிற்றுக்கு நல்லதா? பால் புரதம் குடலுக்குள் போய் என்ன செய்கிறது

2024 ஆகஸ்ட் 21 அன்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் ஓர் உத்தரவு போட்டது. பால், நெய், வெண்ணெய், தயிர் என்று எந்தப் பாக்கெட்டிலும் 'ஏ1', 'ஏ2' (பாலில் உள்ள ஒரு புரதத்தின் இரு வகைகள்) என்று அச்சிட்டு விற்கக் கூடாது, அப்படி ஒரு வகைப்பாடே நம் உணவுத் தர விதிகளில் இல்லை என்றது. ஐந்தே நாளில், ஆகஸ்ட் 26 அன்று, தொடர்புடையவர்களிடம் இன்னும் கலந்து பேச வேண்டும் என்று சொல்லி அந்த உத்தரவைத் திரும்பப் பெற்றுக்கொண்டது.

வாங்குகிறவர்களுக்குத்தான் குழப்பம். ஏ2 பால் வயிற்றுக்கு இதமானது, குடலில் நல்ல பாக்டீரியாவை வளர்க்கும், சாதாரணப் பால் குடலைக் கெடுக்கும் என்றெல்லாம் சொல்லி, வழக்கமான பாலைப்போல் இரண்டு மடங்கு விலைக்குக்கூட விற்கிறார்கள். குழந்தையின் வயிறு சரியாக வேண்டுமே என்று பட்ஜெட்டை இழுத்துப் பிடித்து வாங்கும் வீடுகள் உண்டு. அந்த வீடுகளுக்குத் தெளிவான பதில் தேவை. பதில் கிடைக்க, முதலில் பாலில் என்ன புரதம் இருக்கிறது, அது குடலில் எதுவரை போகிறது என்று பார்க்க வேண்டும்.

பாலில் இரண்டு புரதக் கூட்டம்

100 மில்லி பசும்பாலில் ஏறக்குறைய 3.3 கிராம் புரதம் இருக்கிறது. அதில் ஐந்தில் நாலு பங்கு கேசீன். மீதி ஒரு பங்கு வே புரதங்கள். இரண்டுமே ஒற்றைப் புரதம் இல்லை, பல புரதங்களின் கூட்டம். கேசீனில் ஆல்பா, பீட்டா, கப்பா என்று வகைகள் இருக்கின்றன. வே கூட்டத்தில் லாக்டோகுளோபுலின், லாக்டால்புமின், லாக்டோஃபெரின், நோய் எதிர்ப்புப் புரதங்கள் எல்லாம் அடங்கும்.

இதை அடுப்படியிலேயே பார்க்கலாம். கொதிக்கிற பாலில் எலுமிச்சைச் சாறு பிழிந்தால் பால் திரிந்து வெள்ளைக் கட்டி ஒருபக்கமும், இளம்பச்சை கலந்த மஞ்சள் தண்ணீர் ஒருபக்கமும் ஒதுங்கும். கட்டி பெரும்பாலும் கேசீன், அதுதான் பனீர். தண்ணீரில் பால் சர்க்கரையும் கொஞ்சம் வே புரதமும் நிற்கும். அந்தப் பச்சை சாயல் ரிபோஃபிளேவின் என்ற பி2 வைட்டமினுடையது.

கேசீன் புளிப்புக்கு மசியும், சூட்டுக்கு மசியாது. வே புரதங்கள் நேர்மாறு. பாலை எவ்வளவு நேரம் காய்ச்சினாலும் அது இட்லிபோல் கட்டியாகாததற்குக் காரணம் கேசீனின் இந்தக் குணம். ஆனால் மாடு கன்று போட்டதும் கறக்கிற சீம்பாலில் வெல்லமும் ஏலக்காயும் சேர்த்து ஆவியில் வைத்தால் கத்தியால் வெட்டும் அளவுக்கு இறுகிவிடும். முதல் கறவைச் சீம்பாலில் புரதம் 14 சதவீதத்தை ஒட்டி இருக்கும். அதில் பெரும்பங்கு கன்றுக்காக வந்த நோய் எதிர்ப்புப் புரதங்கள். அவை வே கூட்டத்தைச் சேர்ந்தவை, சூட்டில் உறைபவை.

வாயிலிருந்து பெருங்குடல் வரை

1. இரைப்பை: அமிலமும் பெப்சின் என்ற நொதியும் சேர்ந்து கேசீனைத் தயிர்போல் உறையச் செய்கின்றன. அந்தக் கட்டி கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கரைந்து கீழே இறங்கும். வே உறையாமல் நீராகவே இருப்பதால் சீக்கிரம் கடந்துவிடும். 1997இல் வெளியான ஒரு பிரெஞ்சு ஆய்வு இதை அளந்து பார்த்தது: வே குடித்தவர்களின் ரத்தத்தில், புரதம் உடைந்து வரும் அமினோ அமிலம் சட்டென ஏறி இறங்கியது, கேசீன் குடித்தவர்களிடம் மெதுவாக ஏறி, ஏழு மணி நேரம் வரை நின்றது.

2. சிறுகுடல்: கணைய நொதிகள் புரதத்தைத் துண்டு துண்டாக நறுக்க, குடல் சுவர் உறிஞ்சிக்கொள்ளும். பால் புரதத்தில் 95 சதவீதம் அளவுக்கு இங்கேயே செரித்துவிடும்.

3. பெருங்குடல்: மிச்சம்மீதி இங்கே வந்து சேரும். நம் உடலில் பாக்டீரியாக்கள் அடர்ந்து வாழும் இடம் இதுதான்.

200 மில்லி பாலில் புரதம் ஆறரை கிராம். அதில் 5 சதவீதம் என்றால் சுமார் 0.3 கிராம். ஒரு நாளில் எல்லா உணவிலிருந்தும், உடலே சுரக்கும் நொதிகளிலிருந்தும், உதிரும் குடல் செல்களிலிருந்தும் பெருங்குடலுக்கு வரும் புரதம் 6 முதல் 18 கிராம் வரை. காலையில் ஒரு டம்ளர் பால் குடிப்பவரின் குடல் பாக்டீரியாவுக்கு அந்தப் பால் புரதத்தில் கிடைப்பது மிகச் சொற்பம். இந்தக் கணக்கை நினைவில் வைத்துக்கொண்டால் விளம்பரங்களில் பாதி தானாகவே உதிர்ந்துவிடும்.

பாக்டீரியாவுக்குப் புரதம் கிடைத்தால் என்ன ஆகும்?

குடல் பாக்டீரியாக்களுக்கு முதல் விருப்பம் நார்ச்சத்து. கீரை, பயறு, வாழைத்தண்டு, கேழ்வரகு இவற்றில் நாம் செரிக்க முடியாமல் விடுகிற நாரை அவை நொதிக்க வைத்து அசிட்டேட், புரோப்பியோனேட், பியூட்டிரேட் என்ற குறுஞ்சங்கிலிக் கொழுப்பு அமிலங்களாக மாற்றுகின்றன. பியூட்டிரேட்தான் பெருங்குடல் சுவர்ச் செல்களின் முக்கியமான சாப்பாடு.

பெருங்குடலின் தொடக்கத்திலேயே நார் தீர்ந்துவிட்டால், அடுத்த பகுதியில் இருக்கும் பாக்டீரியாக்கள் புரதத்தை எடுத்துக்கொள்ளும். அதிலிருந்தும் கொஞ்சம் நல்ல அமிலங்கள் வரும். கூடவே அம்மோனியா, பாரா-கிரெசால், ஹைட்ரஜன் சல்பைடு போன்றவையும் வரும். காற்றில் அழுகிய முட்டை வாடை வீசினால் அது ஹைட்ரஜன் சல்பைடு. இவை அளவுக்கு மேல் போனால் குடல் சுவருக்கு உகந்ததல்ல.

அப்படியென்றால் பால் புரதம் நிறையச் சாப்பிட்டால் நல்ல பாக்டீரியா செத்துப்போகுமா? இதை நேரடியாகச் சோதித்த ஆய்வு ஒன்று 2017இல் வெளிவந்தது. உடல் எடை கூடிய 38 பேரைப் பிரித்து, மூன்று வாரம் சிலருக்குக் கேசீன், சிலருக்குச் சோயா புரதம், சிலருக்கு மால்டோடெக்ஸ்ட்ரின் என்ற மாவுச்சத்து கொடுத்தார்கள். எந்தெந்தப் பாக்டீரியா எவ்வளவு இருக்கிறது என்ற கணக்கு பெரிதாக மாறவில்லை. ஆனால் அவை தயாரித்த பொருள்கள் மாறின. அமினோ அமிலங்களை உடைக்கும் வேலை கூடியது. ஆட்கள் அதே ஆட்கள், செய்யும் தொழில்தான் வேறாகிவிட்டது. குடல் பாக்டீரியா பரிசோதனை என்று பணம் கட்டி, பெயர்ப்பட்டியலை மட்டும் வாங்கி வருபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பட்டியல் எல்லாவற்றையும் சொல்லிவிடாது.

இன்னொன்று 2018இல் வந்தது. ஓட்டப் பந்தய வீரர்கள் 24 பேரில் ஒரு பிரிவினருக்கு 10 வாரம், வே புரதமும் மாட்டிறைச்சிப் புரதமும் கலந்த பொடி கொடுத்தார்கள். பிஃபிடோபாக்டீரியம் லாங்கம், ரோஸ்பூரியா, பிளாட்டியா என்று பொதுவாக நல்லவை எனக் கருதப்படுபவை அவர்களிடம் குறைந்தன. சிறிய ஆய்வு, அதுவும் கலவைப் பொடி. அதனால் வே புரதத்தை மட்டும் குற்றவாளி ஆக்க முடியாது. ஆனாலும் ஒரு திசையைக் காட்டுகிறது.

என் கணிப்பில் கவலைப்பட வேண்டியவர் காபிக்குப் பால் ஊற்றுபவர் அல்லர். ஜிம்மில் சொன்னார்கள் என்று தினமும் இரண்டு ஸ்கூப் வே புரோட்டீன், மேலே முட்டை வெள்ளைக்கரு, கோழி என்று சாப்பிட்டு, சோற்றையும் காயையும் பயறையும் ஒதுக்கி வைப்பவரின் குடல்தான் நார் இல்லாமல் காய்கிறது. பொடியை விடச் சொல்லவில்லை. தட்டில் சுண்டலும் பொரியலும் திரும்பி வர வேண்டும் என்கிறேன். சரி, பொடி குடித்ததும் வரும் உப்புசம்? அது பல நேரம் புரதத்தால் வருவது இல்லை. கான்சன்ட்ரேட் வகைப் பொடியில் பால் சர்க்கரை கொஞ்சம் தங்கியிருக்கும். ஐசொலேட் வகையில் அது மிகக் குறைவு. மாற்றிப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

பாக்டீரியாவுக்கு உதவும் பால் புரதங்கள்

பாலாடைக்கட்டி செய்யும்போது ரென்னட் என்ற நொதி கப்பா கேசீனை 105, 106ஆம் அமினோ அமிலங்களுக்கு நடுவே வெட்டுகிறது. அப்போது கழன்று நீரோடு போகும் துண்டுக்குக் கிளைகோமேக்ரோபெப்டைடு என்று பெயர். சர்க்கரை மூலக்கூறுகள் ஒட்டிய துண்டு அது. ஆய்வகத்தில் பிஃபிடோபாக்டீரியாக்கள் இதை வைத்து நன்றாக வளர்கின்றன. இந்தத் துண்டில் ஃபீனைல்அலனின் என்ற அமினோ அமிலம் கிடையாது; அதனால் அதைச் செரிக்க முடியாத பிறவிக் குறையான ஃபீனைல்கீட்டோனூரியா உள்ளவர்களுக்கு இதிலிருந்து தனி உணவே தயாரிக்கிறார்கள்.

லாக்டோஃபெரின் இன்னொன்று. இது இரும்பை இறுகப் பற்றிக்கொள்ளும் புரதம். நோய் உண்டாக்கும் பாக்டீரியாக்கள் பலவற்றுக்கு இரும்பு இல்லாமல் வளர்ச்சி இல்லை. லாக்டோபேசில்லஸ் போன்றவைக்கு இரும்பு அவ்வளவாகத் தேவைப்படாது. ஆகவே லாக்டோஃபெரின் இருந்தால் கெட்டவை பட்டினி கிடக்கும், நல்லவை தழைக்கும் என்பது கோட்பாடு. தாய்ப்பாலில் இது பசும்பாலைவிடப் பல மடங்கு அதிகம்.

கோட்பாடு அழகாக இருந்தாலும் ஆளிடம் சோதித்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும். பிரிட்டனில் குறைமாதத்தில் பிறந்த 2,203 குழந்தைகளை வைத்து, பசுவின் லாக்டோஃபெரின் கொடுத்தால் நோய்த்தொற்று குறைகிறதா என்று பார்த்தார்கள். 2019இல் முடிவு வந்தது: குறையவில்லை. லாக்டோஃபெரின் சேர்த்தது என்று பெரிய எழுத்தில் போட்டு விற்கும் டப்பாக்களைப் பார்க்கும்போது இந்த எண்ணிக்கை எனக்கு நினைவுக்கு வரும்.

ஏ1, ஏ2: ஒரே ஓர் எழுத்து மாற்றம்

பீட்டா கேசீன் 209 அமினோ அமிலங்கள் கோர்த்த சங்கிலி. 67ஆவது இடத்தில் புரோலின் இருந்தால் அது ஏ2. ஹிஸ்டிடின் இருந்தால் ஏ1. வித்தியாசம் இந்த ஓர் இடத்தில்தான்.

ஹிஸ்டிடின் இருக்கும் சங்கிலியைச் செரிமான நொதிகள் அந்த இடத்தில் எளிதாக வெட்டும். வெட்டினால் ஏழு அமினோ அமிலம் கொண்ட ஒரு துண்டு வெளியே வரும். பெயர் பீட்டா கேசோமார்ஃபின்-7. பீட்டா கேசோமார்ஃபின்களை முதலில் விவரித்தது 1979இல். பெயரில் மார்ஃபின் வருவதற்குக் காரணம், அபின் வகை மருந்துகள் போய் ஒட்டும் அதே ஏற்பிகளில் இதுவும் ஒட்டுகிறது. குடல் சுவரிலும் அந்த ஏற்பிகள் உண்டு. அவை தூண்டப்பட்டால் குடல் அசைவு மந்தமாகும். ஏ1 பால் வயிற்றைக் கெடுக்கும் என்ற வாதம் இங்கிருந்துதான் கிளம்புகிறது.

மனிதர்களிடம் செய்த ஆய்வுகளில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படுபவை இரண்டு.

1. 2014, ஆஸ்திரேலியா, 41 பேர். இரண்டு வாரம் ஏ1, இரண்டு வாரம் ஏ2. ஏ1 குடித்தபோது மலம் இளகலாகப் போனது.

2. 2016, சீனா, 45 பேர். ஏ1, ஏ2 கலந்த பால் குடித்தபோது உணவு குடலைக் கடக்கும் நேரம் கூடியது, வயிற்றுத் தொந்தரவு கூடியது, மலத்தில் குறுஞ்சங்கிலிக் கொழுப்பு அமிலங்கள் குறைந்தன.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்றில் மலம் இளகுகிறது, இன்னொன்றில் குடல் மந்தமாகிறது. குடல் அசைவு குறைவதுதான் பிரச்சினை என்ற கோட்பாட்டுக்கு முதல் ஆய்வு அவ்வளவாகப் பொருந்தவில்லை. ஆட்களும் குறைவு. இரண்டுமே ஏ2 பால் விற்கும் தரப்பின் நிதியில் நடந்தவை. நிதி அங்கிருந்து வந்தது என்பதால் முடிவு பொய் ஆகிவிடாது. ஆனால் அந்தச் சார்பு இல்லாத பெரிய ஆய்வுகள் இதை உறுதி செய்த பிறகுதான் கூடுதல் காசு கொடுப்பது நியாயம். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2009இல் கிடைத்த சான்றுகளை அலசி, கேசோமார்ஃபினுக்கும் சர்க்கரை நோய், இதய நோய் போன்றவற்றுக்கும் காரண காரியத் தொடர்பு நிறுவப்படவில்லை என்றது.

நம் ஊர் நிலவரத்தையும் சொல்ல வேண்டும். திமில் உள்ள இந்திய நாட்டு இனங்களில், நம் காங்கேயம், உம்பளச்சேரி உட்பட, ஏ2 வகையே மிகப் பெரும்பான்மை. எருமைப் பால் முழுக்கவே ஏ2 வகை. ஹோல்ஸ்டீன், ஜெர்சி கலப்பு மாடுகளில் இரண்டும் கலந்து வரும். ஒரு மாடு எந்த வகை என்பது மரபணுச் சோதனையில் மட்டுமே உறுதியாகத் தெரியும். திமிலைப் பார்த்தோ நிறத்தைப் பார்த்தோ சொல்லிவிட முடியாது.

ஏ2 நெய் என்று விற்பதைப் பற்றி ஒரு வார்த்தை. ஏ1, ஏ2 இரண்டும் புரதத்தின் பெயர்கள். நெய் என்பது கிட்டத்தட்ட முழுக்கக் கொழுப்பு. வெண்ணெயை உருக்கும்போது புரதம் கசண்டாக அடியில் தங்கிவிடும், நாம் வடிகட்டி எடுத்துவிடுகிறோம். இல்லாத புரதத்தின் பெயரை நெய்ப் பாட்டிலில் ஒட்டுவது மக்களை ஏமாற்றுவது. இந்திய ஆணையத்தின் உத்தரவு இந்த இடத்தில் சரியாகவே இருந்தது.

அப்படியானால் பால் குடித்ததும் வயிறு ஏன் கடமுடா என்கிறது?

பெரும்பாலும் பால் சர்க்கரையால். அதாவது லாக்டோஸ். ஒரு டம்ளர் பாலில் இது 9, 10 கிராம் இருக்கும். இதை உடைக்க லாக்டேஸ் என்ற நொதி வேண்டும். உலகில் பெரும்பாலோருக்குச் சிறுவயது தாண்டியதும் இந்த நொதி குறைந்துவிடும். அது நோய் அல்ல, இயல்பு. பெரியவரான பிறகும் லாக்டேஸ் சுரப்பவர்கள் வட இந்தியாவில் அதிகம், தென்னிந்தியாவில் குறைவு. தலைமுறை தலைமுறையாக எருமைப் பாலில் வாழ்ந்த நீலகிரித் தோடர்கள் இதற்கு விலக்கு.

உடையாத லாக்டோஸ் பெருங்குடலுக்குப் போனால் பாக்டீரியாக்களுக்கு விருந்து. அரை மணியில் தொடங்கி இரண்டு மணி நேரத்துக்குள் காற்று, பொருமல், சிலருக்குப் பேதி. பாலில் புரதம் பெருங்குடலுக்கு வரும் அளவு 0.3 கிராம்; லாக்டேஸ் குறைந்தவருக்கு லாக்டோஸ் வரும் அளவு அதைவிடப் பல மடங்கு. எது அதிகத் தொந்தரவு தரும் என்று இந்த ஒப்பீடே சொல்லும். ஏ2 பாலிலும் லாக்டோஸ் அதே அளவுதான்.

லாக்டேஸ் குறைந்தவர்களிலும் பலர் 12 கிராம் லாக்டோஸ் வரை, அதாவது ஒரு டம்ளருக்குச் சற்று மேலான பாலை, பெரிய தொந்தரவு இல்லாமல் தாங்குகிறார்கள். சாப்பாட்டோடு குடித்தால் இன்னும் எளிது. வெறும் வயிற்றில் மடமடவென்று குடிப்பதுதான் பலருக்குச் சிக்கல்.

தயிர் இங்கே கைகொடுக்கும். உறை ஊற்றிய பாக்டீரியாக்கள் லாக்டோஸில் ஒரு பகுதியைத் தின்றுவிடுகின்றன. மீதியை உடைக்கும் நொதியையும் தங்களோடு சுமந்துகொண்டு நம் குடலுக்குள் வருகின்றன. உயிருள்ள தயிர் பாக்டீரியா லாக்டோஸ் செரிமானத்துக்கு உதவும் என்பதை ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையமே 2010இல் ஏற்றுக்கொண்டது. அவை குடலில் நிரந்தரமாகக் குடியேறுவதில்லை, வந்து வேலை பார்த்துவிட்டுப் போய்விடும்; அதனால் தினமும் கொஞ்சம் மோர் என்ற வழக்கத்தில் அர்த்தம் இருக்கிறது. மோர்க்குழம்பாகக் கொதிக்க வைத்துவிட்டால் பாக்டீரியா மிஞ்சாது.

குழந்தைகளிடம்தான் புரதம் உண்மையான பிரச்சினை

பெரியவர்களுக்கு இவ்வளவு நிதானமாகப் பேசலாம். கைக்குழந்தை என்று வந்தால் பால் புரதத்தை அலட்சியமாக எடுத்துக்கொள்ள முடியாது.

தாய்ப்பாலில் 100 மில்லிக்குப் புரதம் ஒரு கிராம்தான். அதிலும் வே கூட்டம்தான் அதிகம். கூடவே குழந்தையால் செரிக்கவே முடியாத சர்க்கரைச் சங்கிலிகள் இருக்கின்றன. அவை பிஃபிடோபாக்டீரியாவுக்கென்றே வந்த உணவு. பசும்பாலில் புரதம் மூன்று மடங்கு, பெரும்பகுதி கேசீன், இரும்பு மிகக் குறைவு. ஒரு வயதுக்குள் பசும்பாலையே முக்கிய உணவாகக் கொடுத்தால் சில குழந்தைகளுக்குக் குடலில் கண்ணுக்குத் தெரியாத ரத்தக் கசிவு உண்டாகி ரத்தசோகை வரும்.

பால் புரத ஒவ்வாமை வேறு. இதில் உடலின் நோய் எதிர்ப்பு அமைப்பே கேசீனையோ வே புரதத்தையோ எதிரியாக நினைத்துத் தாக்குகிறது. சில குழந்தைகளுக்குத் தடிப்பு, வாந்தி, மூச்சிரைப்பு உடனே வரும். சிலருக்கு நாள் கழித்து மலத்தில் சளியும் ரத்தக் கீற்றும் வரும். தாய்ப்பால் மட்டுமே குடிக்கும் குழந்தைக்கும் வரலாம், அம்மா சாப்பிடும் பாலின் புரதம் கொஞ்சம் தாய்ப்பாலில் இறங்குவதால். ஒவ்வாமை உள்ள குழந்தைக்கு ஏ2 பால் கொடுப்பது ஆபத்து; மற்ற புரதங்கள் அனைத்தும் அதிலும் இருக்கின்றன. எருமைப் பால், ஆட்டுப் பாலும் இதேதான்.

மலச்சிக்கலுக்கும் இதற்கும் தொடர்பு உண்டா என்று கேட்பவர்கள் உண்டு. சிலரிடம் உண்டு. இத்தாலியின் பலெர்மோவில், நாள்பட்ட மலச்சிக்கலால் அவதிப்பட்ட 65 குழந்தைகளுக்குப் பசும்பாலுக்குப் பதில் சோயா பால் கொடுத்துப் பார்த்தார்கள். 44 பேருக்குக் குணம் தெரிந்தது. 1998இல் வெளியான ஆய்வு இது. மருந்துக்கு மசியாத குழந்தைகளைத் தேர்ந்து செய்தது என்பதால், மலச்சிக்கல் உள்ள எல்லாக் குழந்தைக்கும் பாலை நிறுத்தலாம் என்று இதை வைத்து முடிவு செய்துவிடக் கூடாது.

எது காரணம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

1. பால் குடித்தால் பொருமல், தயிர் சாப்பிட்டால் ஒன்றும் இல்லை என்றால் லாக்டோஸ் மேல் சந்தேகப்படலாம். லாக்டோஸ் நீக்கிய பாலை ஒரு வாரம் குடித்துப் பாருங்கள். தொந்தரவு போய்விட்டால் புரதத்தை விட்டுவிடலாம்.

2. லாக்டோஸ் நீக்கிய பாலிலும் அதே தொந்தரவு தொடர்ந்தால், இரண்டு வாரம் பாலை முழுக்க நிறுத்தி, அப்புறம் திரும்பக் குடித்துப் பாருங்கள். இந்தக் கட்டத்தில் ஏ2 பாலையும் முயலலாம். வீட்டில் ஒருவர் எது எந்தப் பால் என்று சொல்லாமல் மாற்றி மாற்றிக் கொடுத்தால் முடிவு இன்னும் நம்பகமாக இருக்கும்.

3. எடை குறைதல், மலத்தில் ரத்தம், இரவில் எழுப்பும் வயிற்றுவலி, காய்ச்சல் இருந்தால் பாலை மாற்றிக்கொண்டு நாள் கடத்த வேண்டாம். குடல் மருத்துவரைப் பாருங்கள்.

4. குழந்தைக்கு என்றால் இந்தச் சோதனை எதையும் வீட்டில் தனியாகச் செய்யாதீர்கள். தடிப்போ மூச்சிரைப்போ ஒருமுறை வந்த குழந்தைக்கு மறுபடி பால் கொடுத்துப் பார்ப்பது மருத்துவமனையில், மருத்துவர் பக்கத்தில் இருக்கும்போது மட்டுமே நடக்க வேண்டும்.